கமிஷன் கடைச் சீட்டு

செல்லூர், மதுரை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி மனதை நிறைத்தது. மொய் நோட்டை நீயே உட்கார்ந்து எழுதினாயாமே, இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

உன் தையல் வீடியோக்களின் கீழே நூல், கத்தரி, இயந்திரம் விற்கும் நிறுவனங்களின் இணைப்பைக் கொடுத்துக் கமிஷன் வாங்கலாம் என்கிறாய். எதில் சேர்வது என்று கேட்கிறாய். மூன்று ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன் என்பதால் சொல்கிறேன்.

உன் அப்பாவை நினைத்துக்கொள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லிகை மூட்டையோடு விடியும் முன்பே பூ மார்க்கெட்டுக்கு வருவார். பக்கத்துக் கடையில் கமிஷன் கொஞ்சம் குறைவு என்பதற்காக அவர் ஒருநாளும் கடை மாறியதில்லை. எடை சரியா, விலையைச் சீட்டில் எழுதித் தருகிறார்களா, சொன்ன நாளில் பணம் வருகிறதா என்றுதான் பார்ப்பார். நீயும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் வருடம் ஓர் இணையப் பயிற்சி நிறுவனம் 40 விழுக்காடு தருவதாகச் சொன்னதும் மயங்கிவிட்டேன். பாடத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் நல்ல பாடம் என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னை நம்பிப் பக்கத்துத் தெரு அக்கா 3,000 ரூபாய் கட்டினார். ஒரு வாரம் கழித்து என் வாசல்படியில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். ரவிக்கைக்கு அளவெடுக்கும் பாடம் மொத்தம் ஐந்து நிமிடம். அதிலும் நாடாவின் நுனியைத் தோளில் தப்பான இடத்தில் வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். எனக்குச் சேரவேண்டிய 1,200 ரூபாயும் வரவில்லை. 5,000 சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்ற வரி ஒப்பந்தத்தின் அடியில் இருந்திருக்கிறது.

அதனால் உன் கை பழகிய பொருளை மட்டும் எடு. அமேசான் 1996 முதல் இந்த இணைப்புக் கமிஷன் திட்டத்தை நடத்துகிறது. தையல் சாமான் எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் ஒருவர் உன் இணைப்பைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினால், அல்லது அதற்குள் கூடையிலாவது போட்டுவைத்துப் பிறகு வாங்கினால்தான் உன் கணக்கில் வரும். நம் தையல் வகுப்புப் பெண்கள் தையல் இயந்திரத்தை ஒரே நாளில் வாங்கிவிடுவார்களா? வீட்டில் கேட்டு, சம்பளம் வந்து, சீட்டுப்பணம் எடுத்துத்தான் வாங்குவார்கள். அவ்வளவு பெரிய பொருளுக்கு 30 நாள் கணக்கு வைக்கும் நிறுவனம் கிடைத்தால், விழுக்காடு ஒன்றிரண்டு குறைந்தாலும் அதுவே மேல். நூல்கண்டுக்கும் பாபினுக்கும் 24 மணி நேரம் போதும். இன்னொன்று: அமேசானில் சேர்ந்த 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உன் இணைப்பில் நீயே வாங்குவது அதில் சேராது.

உன் மைத்துனர் சொன்ன திட்டத்தில் மட்டும் சேராதே, செல்வி. 5,000 ரூபாய் கட்டிச் சேர்ந்து, கீழே ஆள் சேர்த்தால் பணம் என்றால் அங்கே பொருளுக்கு வேலையே இல்லை. 2021 நேரடி விற்பனை விதிகள் ஆள் சேர்க்கும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்திருக்கின்றன. ஒழுங்கான நிறுவனம் எதுவும் சேர்வதற்கு உன்னிடம் காசு கேட்காது.

இணைப்பு கொடுக்கும்போது, “இதில் எனக்குக் கமிஷன் உண்டு” என்று வீடியோவிலேயே சொல்லிவிடு. அரசும் 2023 வழிகாட்டுதலில் அதைத்தான் கேட்கிறது. சொன்னதால் என்னிடம் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பான் அட்டையைத் தேடி எடுத்து வை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருமங்கலம் வருகிறேன். நீ யோசித்து வைத்திருக்கும் இரண்டு ஒப்பந்தங்களையும் பேரனிடம் சொல்லி அச்செடுத்து வை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்துவிடுவோம்.

அன்புடன்,
மீனா