பழைய கம்ப்யூட்டர்களுக்குப் புது வீடு தேடுவோம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். 1982-இல் வந்த காமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை இன்றும் ஆசையாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஓடாவிட்டாலும் சரி, உதிரி பாகங்களுக்கு ஆகும்.

ஆனால் அதன் பழைய பவர் சப்ளையை மாட்டி, ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள். அது பழுதாகியிருந்தால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வந்து மெமரி சிப்புகள் போய்விடும். ஆப்பிளின் பழைய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர் என்றால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி கசிந்து போர்டையே அரித்துவிடும். நீங்களே திறக்க வேண்டாம். அதன் திரையின் படக்குழாயில், அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவர் கழற்றட்டும்.

அப்புறம், ஃபிளாப்பிகளையும் கையேட்டையும் சேர்த்தே கொடுங்கள். நான் கொடுத்த பெட்டியில் அப்பா பென்சிலால் பெயர் எழுதிய ஃபிளாப்பி ஒன்று இருந்தது. வாங்கியவர் முதலில் கையில் எடுத்தது அதைத்தான்.

கொடுப்பவர்கள் படமும் மாடல் பெயரும் போடுங்கள். வேண்டுவோர் அதன் கீழேயே பதில் சொல்லுங்கள்.