அந்த மலிவு கேசட்டுகளையும் எடுத்து வையுங்கள்

பி.பி.சி. ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கும், ‘டாக்டர் ஹூ’ தொடரை இன்று நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன். 1941லிருந்து உங்களுக்கென்று ஒரு தமிழ்ச் சேவை இருக்கிறது. அங்கே யாரிடமாவது கொடுத்தால் படித்துச் சொல்வார்கள்.

கேட்க வந்தது இதுதான். உங்கள் தொடரின் பாத்திரங்களையும் அரக்கர்களையும் வைத்து வெளியாட்கள் சொந்தக் காசில் படம் எடுத்து, தியேட்டரும் டி.வி.யும் இல்லாமல் நேராக வீடியோ கேசட்டில் விற்றார்கள் அல்லவா? அந்தப் படங்களின் மூலப் பிரதிகள் யார் கையில் இருந்தாலும் பேசி வாங்கி, ஒரு பிரதியாவது உங்கள் காப்பகத்தில் சேருங்கள். முடிந்தால் உங்கள் இணையத் திரையான ஐபிளேயரிலும் போடுங்கள். நல்ல படங்கள் என்பதற்காகக் கேட்கவில்லை. முக்கால்வாசி நல்ல படங்கள் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘டாக்டர் ஹூ’ என்பது காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரின் கதை; அவருக்கு அவ்வப்போது உருவம் மாறும், நடிகரும் மாறுவார். 1963 நவம்பரில் தொடங்கிய அதை 1989 டிசம்பரோடு நிறுத்தினீர்கள். முடிந்தது என்றும் சொல்லவில்லை, தொடரும் என்றும் சொல்லவில்லை. 1996ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்து போனது. மறுபடி வாராவாரம் தொடராக வந்தது 2005 மார்ச்சில். ராமனுக்குப் பதினான்கு வருடம், உங்கள் டாக்டருக்குப் பதினைந்து வருடத்துக்கும் மேல் வனவாசம். அந்த இடைவெளியில் அயோத்தியில் விளக்கு ஏற்றிவைத்திருந்தவர்கள் யார் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர்களுக்கு வழி திறந்துவிட்டதே உங்கள் ஒப்பந்தங்கள்தான். டாக்டரும் அவருடைய காலப்பயணக் கலமான டார்டிஸும் உங்கள் சொத்து. ஆனால் அந்தக் காலத்தில் வெளியிலிருந்து எழுதித் தந்த எழுத்தாளர்கள், தாங்கள் படைத்த அரக்கர்கள் மீதும் சில பாத்திரங்கள் மீதும் உரிமையைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். பனிமனிதர்களைப் போன்ற யெட்டிகளும், டாக்டரின் நண்பரான ராணுவ அதிகாரி பிரிகேடியரும் மெர்வின் ஹைஸ்மனும் ஹென்றி லிங்கனும் படைத்தவை. வேற்றுக்கிரகப் போர்வீரர்களான சொன்டாரன்களும், உயிர்பெற்ற பிளாஸ்டிக் பொம்மைகளான ஆட்டன்களும் ராபர்ட் ஹோம்ஸ் படைத்தவை. ஆகவே உங்களிடம் வராமலேயே, எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்திடமோ அனுமதி வாங்கிப் படம் எடுக்க முடிந்தது. டாக்டர் மட்டும் வரக்கூடாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் வந்திருப்பதைப் போல ஒரு விசித்திரம். ஆனால் அந்த விசித்திரத்தில்தான் இந்தப் படங்களின் சுவையே இருக்கிறது.

இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, கீத் பார்ன்ஃபாதரின் ரீல்டைம் பிக்சர்ஸ். பழைய நடிகர்களைப் பேட்டி எடுத்து கேசட்டாக விற்றுவந்தவர்கள், 1980களின் கடைசியில், பிரிகேடியரின் கீழ் வேலை பார்த்த சார்ஜன்ட் பென்டனை நாயகனாக வைத்து ‘வார்டைம்’ என்ற சின்னக் கதைப்படம் எடுத்தார்கள். இன்னொன்று, பில் பாக்ஸ் நடத்திய பி.பி.வி. இவர்கள் 1992ல், முன்பு டாக்டராக நடித்த கோலின் பேக்கரையும் அவருடைய பயணத் தோழியாக நடித்த நிக்கோலா பிரையன்டையும் கூட்டிவந்து, அவருக்கு ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் அவளுக்கு ‘மிஸ் பிரவுன்’ என்றும் பெயர் வைத்து ஒரு வரிசையையே தொடங்கிவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு யார் என்று தெரியும். நடிப்பவர்களுக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

இவற்றை வரிசையாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமை வேண்டும். வசனம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். சின்தசைசர் இசை நிற்கவே நிற்காது. ஆள் இல்லாத கட்டடம் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் தாழ்வாரம் முழுவதையும் நம்மையும் நடக்கவைத்துவிட்டுத்தான் விடுவார்கள். 1993ல் வந்த ‘ஏர்ஸோன் சொல்யூஷன்’ படத்தில் ஜான் பெர்ட்வீ, பீட்டர் டேவிசன், கோலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் என்று நான்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட டாக்டர் இல்லை. காற்று மாசைப் பற்றிய கதை, கோலின் பேக்கருக்கு வானிலை அறிவிப்பாளர் வேடம். நான்கு பேரையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சோர்வாக ஒரு படம் எடுக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் முழுதும் பார்த்தேன். பெர்ட்வீ 1996ல் போய்விட்டார். அவர் தாத்தா வயதில் ஒரு புதுப் பாத்திரத்தை ரசித்து நடிப்பதை நீங்கள் எடுத்து வைக்கவில்லை, இவர்கள் எடுத்தார்கள்.

காசில்லாததே கைகொடுத்த இடங்களும் உண்டு. உங்கள் தொடருக்கே பல ஆண்டுகள் கதை ஆசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய ‘மைண்ட்கேம்’ என்ற 1998ஆம் வருடப் படத்தில் ஒரு மனுஷி, ஒரு சொன்டாரன், டிராக்கோனியன் என்ற இன்னொரு வேற்றுக்கிரகவாசி ஆகிய மூவரும் ஒரே சிறையில் அடைபட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், மேடை நாடகம். அவரே எழுதிய ‘ஷேக்டவுன்’ படத்தில் விண்கலத்துக்கு செட் போடப் பணமில்லை, தேம்ஸ் நதியில் நிற்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் என்ற பழைய போர்க்கப்பலுக்குள் போய் எடுத்துவிட்டார்கள். குழாய்களும் இரும்புக் கதவுகளும் நிஜமானவை என்பதால், உங்கள் ஸ்டூடியோவில் எண்பதுகளில் கட்டிய பல விண்கலங்களைவிட அது நம்பும்படியாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி ‘டவுன்டைம்’. இந்த ஒரு படத்துக்காகவே நான் இந்த மடலை எழுதியிருப்பேன்.

ரீல்டைம் 1995ல் வெளியிட்டது. எழுதியவர் மார்க் பிளாட். இயக்கியவர் கிறிஸ்டோபர் பேரி, டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் முதல் கதையில் பெரும்பகுதியை இயக்கிய அதே பேரி. பிரிகேடியராக நிக்கோலஸ் கோர்ட்னி, முன்பு டாக்டரோடு பயணம் செய்தவர்களான சாரா ஜேனாக எலிசபெத் ஸ்லேடன், விக்டோரியாவாக டெபோரா வாட்லிங். பேராசிரியர் டிராவர்ஸாக டெபோராவின் சொந்த அப்பா ஜாக் வாட்லிங். ஒரு பல்கலைக்கழகம். காதில் ஹெட்ஃபோனோடு பொம்மைகளாகத் திரியும் மாணவர்கள். கம்ப்யூட்டர்கள் வழியாக உலகத்தையே வளைத்துப்போடப் பார்க்கும், யெட்டிகளை ஏவிவிடும் உருவமற்ற எதிரி ‘கிரேட் இன்டலிஜென்ஸ்’. 2013ல் உங்கள் தொடரில் அதே எதிரி வைஃபை வழியாக மனிதர்களை உறிஞ்சியபோது எல்லாரும் புது யோசனை என்றார்கள். பதினெட்டு வருடம் முன்னாலேயே அது கேசட்டில் வந்துவிட்டது.

அந்தப் படத்தில் பிரிகேடியருக்கு கேட் என்று ஒரு மகள். அப்பாவோடு ஒட்டுறவு இல்லாமல் படகு வீட்டில் தனியாக மகனை வளர்க்கிறாள். பேரன் ஒருவன் இருப்பதே பிரிகேடியருக்குத் தெரியாது. சிக்கனமாக எடுத்த காட்சிகள்தான், ஆனால் யெட்டிகளை மறந்தாலும் கோர்ட்னியின் முகம் மறக்காது. பெவர்லி கிரெஸ்மன் நடித்த அந்த கேட், 2004ல் ரீல்டைமின் ‘டீமோஸ் ரைசிங்’ படத்தில் மறுபடி வந்தாள். அப்புறம் 2012ல் ஜெம்மா ரெட்கிரேவின் உருவில் உங்கள் தொடருக்குள்ளேயே வந்து சேர்ந்தாள். இன்று, அவள் அப்பா நடத்திய யூனிட் என்ற ராணுவ அமைப்பின் தலைமையே அவள்தான். அவள் பிறந்த படம் உங்கள் ஐபிளேயரில் இல்லை.

சங்கடப்படுத்தும் இன்னொரு விஷயம் விக்டோரியாவைப் பற்றியது. அவள் டாக்டரிடம் விடைபெற்றுப் போனது 1968ல், ‘ஃப்யூரி ஃப்ரம் த டீப்’ என்ற கதையில். அதன் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட இன்று உங்களிடம் முழுதாக இல்லை. அழித்தது நீங்களே. ஒலி மட்டும் தப்பியிருக்கிறது, அதுவும் வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்களால். பிறகு அவள் வாழ்க்கை என்ன ஆயிற்று என்ற கதையோ வெளியாள் எடுத்த மலிவு கேசட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை பத்திரமாக இருக்கிறது.

1960களின் கதைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. நாடாவை மறுபடி பயன்படுத்தலாம், இடத்தைக் காலி செய்யலாம், இதையெல்லாம் இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்று இருந்தவர்கள் நினைத்தார்கள். யெட்டிகள் லண்டன் சுரங்க ரயிலுக்குள் வரும் கதையின் நான்கு பகுதிகள் 2013ல் நைஜீரியாவில் கிடைத்தன என்ற அறிவிப்பு வந்தபோது உலகமே கொண்டாடியது. அந்த யெட்டிகளின் மூன்றாவது கதைதான் ‘டவுன்டைம்’. அதைத் தேடி யாரும் நைஜீரியா போக வேண்டாம், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் நாடா காத்திருக்காது. வீட்டு வீடியோ ரெக்கார்டர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. சில படங்கள் டி.வி.டி.யாக வந்தன என்பது தெரியும். டி.வி.டி. என்பது விற்பனைச் சரக்கு, காப்பகம் ஆகாது.

ரசிகர்களுக்குள் இவை ‘நிஜக் கதை’யில் சேருமா சேராதா என்று ஓயாத சண்டை ஒன்று நடக்கும். அதில் எனக்கு அக்கறை இல்லை. யார் எங்கே தொழில் கற்றார்கள் என்பதில்தான் அக்கறை. கரோலின் ஜானை, ஒரு காலத்தில் டாக்டரோடு வேலை பார்த்த விஞ்ஞானி லிஸ் ஷாவாகத் திரும்பக் கொண்டுவந்த பி.பி.வி.யின் ‘ப்ரோப்’ வரிசையை எழுதியவர் மார்க் கேட்டிஸ். 2005ல் தொடர் திரும்பியபோது முதல் பருவத்திலேயே ஒரு கதை எழுதினார், பிறகு ‘ஷெர்லாக்’ தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரானார். முதல் ‘ஆட்டன்’ படத்தை எழுதி இயக்கிய நிக்கோலஸ் பிரிக்ஸின் குரலில்தான் 2005லிருந்து உங்கள் டாலெக்குகள் பேசுகின்றன. சம்பளம் கொடுக்காமலேயே உங்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்திருக்கிறது. இன்று பெரிய ஆளாகிவிட்ட சிலருக்கு இளமையில் எழுதியதைக் காட்டக் கூச்சமாக இருக்கலாம். அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெளியிடுவதற்குத்தான் சம்மதம் வேண்டும், எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

உரிமைச் சிக்கல் என்பீர்கள். உண்மைதான். 2023 நவம்பரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை ஐபிளேயரில் அடுக்கியபோது, 1963ன் முதல் கதையையே உரிமைத் தகராறால் போட முடியாமல் போனது. எழுத்தாளரின் வாரிசுகளோடு பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் இந்தப் படங்களில் பலவும் யாரோ ஒருவர் வாரிசுகளிடமோ எழுத்தாளரிடமோ உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்கியதால்தான் பிறந்தன. அவர்களிடம் சட்டத்துறை என்று ஒன்று இருக்கவில்லை. உங்களிடம் ஒரு மாடி நிறைய இருக்கும்.

செய்வதாக இருந்தால் சில வேண்டுகோள்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று கம்ப்யூட்டரிடம் கொடுத்து முகங்களை மெழுகாக்கிவிடாதீர்கள். அந்தக் கலங்கல் இருக்கட்டும். நடிகர்களும் எழுத்தாளர்களும் மட்டும் போதாது, விளக்குப் பிடித்தவர், யெட்டி உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர் என்று இன்னும் இருப்பவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுங்கள். கோர்ட்னியும் ஸ்லேடனும் 2011லேயே போய்விட்டார்கள், டெபோரா வாட்லிங் 2017ல். அப்புறம், பி.பி.வி. 2008ல் வெளியிட்ட ‘ஸைகான்’ படத்தைக் குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பார்த்தால் காரணம் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்றில்லை. ‘டவுன்டைம்’ படத்திலிருந்து தொடங்குங்கள். ரீல்டைமுக்கு ஒரு கடிதம், மார்க் பிளாட்டுக்கு ஒரு கடிதம், யெட்டிகளின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடிதம். அடுத்த முறை கேட் திரையில் வரும்போது, அவள் எந்தப் படத்திலிருந்து வந்தாள் என்று தேடுபவர்களுக்கு அதை உங்கள் தளத்திலேயே பார்க்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
டாக்டர் வராத ‘டாக்டர் ஹூ’ படங்களையும் கடைசிவரை பார்த்த ஒரு ரசிகன்