ட்சுகுபாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? "எலியை ராட்டினத்தில் சுற்றவா இவன் ஜப்பான் போனான்?" என்று அம்மா கேட்டாளாம். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சாப்பாட்டுப் பேச்சு வந்துவிடுகிறது. நீ விலங்கியல் டீச்சர், படித்துவிட்டு அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிவிடு.

சுற்றுவது உண்மைதான். உடம்பு கனத்தால் எந்த ஜீன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான். மையவிலக்கு இயந்திரத்தின் கரத்தில் சுண்டெலிக் கூண்டு தொங்கும். வேகம் ஏற ஏற வெளிப்பக்கம் சாயும். ஈர்ப்பு இரண்டு மடங்கு, அதாவது 2 ஜி ஆகும்போது சாய்வு 60 பாகை. கரம் ஒன்றரை மீட்டர் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 32 சுற்று போதும். உள்ளே இருக்கிற எலிக்குச் சாய்வு தெரியாது. 25 கிராம் உடம்பு 50 கிராமாகக் கனக்கும். முதல் சில நாள் சரியாகத் தின்னாது, உடல் வெப்பம் இறங்கும், இளைக்கும். அப்புறம் மெல்லத் தேறிவிடும்.

கடைசியில் ஈரல், சிறுநீரகம், கெண்டைக்கால் தசை என்று ஒவ்வொன்றாக எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுவோம். கை தாமதித்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். ஜீன் அப்படியேதான் இருக்கிறது. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு ஆர்.என்.ஏ.தான் கணக்கு.

அந்தக் கணக்கைப் படிப்பதில்தான் வம்பு. ஈரலில் கொழுப்பைக் கையாளும் ஜீன்கள் மாறியிருந்தால், காரணம் கனமா, பட்டினியா? அதற்காகவே, சுற்றாத எலிகள் சிலவற்றுக்கு, சுற்றியவை தின்ற அளவு மட்டுமே தீனி வைப்போம். (பாவம்தான்.) இன்னொரு சந்தேகம் காது. உட்செவியில் ஈர்ப்பை உணரும் சுண்ணாம்புத் துகள்கள் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளை கலிஃபோர்னியாவின் டேவிஸில் 2 ஜியில் வைத்துப் பார்த்தார்கள், 2002இல் வெளியானது. மற்ற எலிகளுக்கு வந்த வெப்பக் குறைவு இவற்றுக்குப் பெரிதாக வரவில்லை. கனம் இரண்டுக்கும் ஒன்றுதான், காது சேதி சொல்லவில்லை. நீளநீளமாக ஜீன் பட்டியல் போடும் கட்டுரைகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்தில் 12 சுண்டெலிகள் 35 நாள் இருந்தன. ஆறு கனமில்லாமல் மிதந்தன, மற்ற ஆறு, சுழற்சியால் வந்த 1 ஜியில், அதாவது பூமியில் இருக்கிற அளவு ஈர்ப்பில். மிதந்தவற்றின் எலும்பும் தசையும் குறைந்தன, சுழன்றவை தப்பின. நோய் எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்குவதை மட்டும் சுழற்சியால் ஓரளவே தடுக்க முடிந்தது. ஒரே மருந்து எல்லா உறுப்புக்கும் ஒத்துவராது போல.

போன வாரம் ராத்திரி நிலநடுக்கம். இந்தப் பக்கம் அடிக்கடி வருவதுதான், பயப்படாதே. இயந்திரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. திடீரென்று உடம்பு லேசான எலிகளை வைத்து என்ன கணக்குப் போடுவது? அந்தத் தொகுதியை விட்டுவிட்டு வேறு எலிகளோடு மறுபடி தொடங்குகிறோம். ஆகவே பொங்கலுக்கு வர முடியாது, அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

ட்சுகுபா மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றில் உதடெல்லாம் வெடிக்கிறது. பார்சல் போட்டால் இட்லிப்பொடியோடு கொஞ்சம் சுக்கும் வை.

அன்புடன்,
தம்பி