ஒரு வயர் கோளாறுக்காக இரண்டு போர்டு மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பொக்லைன் உரிமையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
பழைய வண்டி விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு.

பொருள்: அளந்து பார்க்காமல் மானிட்டரும் எஞ்சின் போர்டும் மாற்றியதற்கான பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் தங்கள் யார்டில் 26 லட்சம் ரூபாய்க்கு 20 டன் செயின் பொக்லைன் வாங்கினேன். பத்தொன்பது வருடம் அடுத்தவர் வண்டியில் ஆபரேட்டராக இருந்தவன் நான். வீட்டு நகையை அடகு வைத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு வாங்கிய முதல் சொந்த வண்டி இது. ஆள் வைக்கவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். விற்கும்போது நீங்கள் கொடுத்த சோதனைத் தாளில் "எலக்ட்ரிக்கல், வயரிங்: சரி" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறது.

மே மாதம் பாமணி ஆற்றுப் பக்கம் கிளை வாய்க்கால் தூர்வாரும் வேலை கிடைத்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் வருவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. நான்காம் நாள் மதியம் பக்கெட்டில் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பும்போது மானிட்டரில் தொடர்புக் கோளாறு என்று வந்தது. வெப்பமானி முள் அணைந்தது, ஆக்சிலேட்டர் டயலைத் திருப்பினால் எஞ்சின் கேட்கவில்லை, ஐடிலிலேயே நின்றது. சாவியை அணைத்துப் போட்டால் அரைமணி ஓடும், மறுபடி அதேதான்.

உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் முதல் முறை வந்து, மானிட்டர் போய்விட்டது என்று மாற்றினார். 78,000 ரூபாய். மறுநாளே பழைய கதை. இரண்டாம் முறை ஸ்கேனர் போட்டார். 639, துணை எண் 9 என்று கோளாறு எண் வந்தது. உடனே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் எஞ்சின் போர்டு பழுது என்றார். 2,40,000 ரூபாய் கட்டிய பிறகுதான் போர்டை அனுப்பினீர்கள், அது வர எட்டு நாள் ஆனது. மாட்டியதும் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் வண்டி கரையில் அதே இடத்தில் நின்றது. திரும்ப போன் செய்தபோது, பம்ப் கன்ட்ரோலரையும் மாற்றிப் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

இங்கேதான் என் முதல் கேள்வி. 639 என்பது போர்டுகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனைக் குறிக்கும் எண். 9 என்றால் வரவேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். போர்டு செத்துவிட்டது என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. எஞ்சின் போர்டு செத்திருந்தால் உங்கள் ஸ்கேனருக்கு அந்த எண்ணையே அது கொடுத்திருக்காது. பேசிக்கொண்டிருந்த போர்டைத்தான் கழற்றி எடுத்துப் போனீர்கள்.

வேறு வழியில்லாமல் மன்னார்குடியில் லாரி வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் 9 பின் கப்ளரில் சி, டி என்ற இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தார். கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் நடுவில் அளந்தால் 60 காட்ட வேண்டும் என்று எனக்கும் விளக்கினார். மீட்டர் 60 தான் காட்டியது. எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. அவர் விடவில்லை. மீட்டரை என் கையில் கொடுத்து "அண்ணே, எண்ணையே பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனார். கேபின் தரைத் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு அருகே வந்ததும் 60 சட்டென்று 120 ஆனது. கையை எடுத்தால் 60, அசைத்தால் 120. லைன் அந்த இடத்தில் அறுந்து அறுந்து ஒட்டுகிறது; அறும்போது ஒரு முனை ரெசிஸ்டர் மட்டுமே மீட்டருக்குத் தெரிகிறது.

ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. தகட்டு விளிம்பு ஹார்னஸின் உறையைத் தின்றிருந்தது. கறுப்பு டேப்பைப் பிரித்ததும்தான் உண்மை தெரிந்தது. கேன் லைனின் இரண்டு வயரில் ஒன்றான கேன் லோ வயரை யாரோ முன்பே வெட்டி, வேறு நிற வயர் வைத்து, கையால் முறுக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சால்டர் இல்லை, ஸ்லீவ் இல்லை. செம்பு பச்சை பூத்திருந்தது. ஒன்றோடொன்று முறுக்கி வர வேண்டிய இரண்டு வயரும் அந்த இடத்தில் ஒரு முழத்துக்குப் பிரிந்து கிடந்தன. அந்த டேப் வெயிலில் காய்ந்து பசை இறுகிப் போன பழைய டேப். நான் வாங்கி மூன்று மாதத்தில் அப்படி ஆகாது. அதாவது, உங்கள் யார்டில் நின்றபோதே இந்த ஒட்டு இருந்தது.

புதுப் போர்டு மாட்டியதும் இரண்டு நாள் ஓடியதற்குக் காரணமும் இதுதான் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். மாட்டும்போது ஹார்னஸை இழுத்ததில் ஒட்டு தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது. அவர் புது வயர் முறுக்கிப் போட்டு, கப்ளரைச் சுத்தம் செய்து, ரப்பர் வளையமும் வைத்துக்கொடுத்தார். கூலியும் சாமானும் சேர்த்து 3,500 ரூபாய். அன்றிலிருந்து வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. அதற்குள் வாய்க்கால் வேலை வேறு வண்டிக்குப் போய்விட்டது. ஜூன் மாதத் தவணையைக் கடன் வாங்கிக் கட்டினேன்.

உங்கள் இன்ஜினியர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. இரவு எட்டு மணிவரை சேற்றில் நின்று வேலை பார்த்தவர். ஆனால் மூன்று லட்சத்துக்கு மேல் பில் போடும் முன் ஐந்து நிமிடம் மீட்டர் வைத்து, வயரை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பழைய வண்டி என்றாலே முன்பு யாரோ கை வைத்த வயரிங்தான். அதை முதலில் பார்க்காமல் போர்டில் ஆரம்பித்தால் வண்டிக்காரன் தாங்க மாட்டான்.

நான் கேட்பது: மானிட்டர், எஞ்சின் போர்டு இரண்டுக்கும் கட்டிய 3,18,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். புதுப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு, என்னிடமிருந்து எடுத்துப் போன பழைய மானிட்டரையும் போர்டையும் மாட்டிக்கொடுங்கள். எலக்ட்ரீஷியன் கூலியும் உங்களுடையது. சோதனைத் தாளில் "வயரிங்: சரி" என்று எழுதியவர் அந்த ஓட்டையைத் திறந்து பார்த்தாரா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று உங்கள் அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019 சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பில்கள், சோதனைத் தாளின் நகல், ஒட்டுப் போட்ட வயரின் படங்கள், மீட்டர் 60-க்கும் 120-க்கும் தாவும் வீடியோ எல்லாம் இத்துடன் அனுப்பியுள்ளேன். வெட்டி எடுத்த வயர்த் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.