பஞ்சு இரண்டு ஜோடி

ராயபுரம்,
மே 10, ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு சுகர், இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் எழுதினால் அம்மா எடுத்துப் படித்துவிடுவாள், அதனால்தான் பேப்பர்.

லெ மான் 24 மணி நேர கார் ரேஸுக்குப் போகப்போவதாகக் குரூப்பில் போட்டாயே, அந்த டிக்கெட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு டிக்கெட். அம்மா அதைக் கவனிக்கவில்லை. "இருபத்துநாலு மணி நேரம் காரையே பாத்துக்கிட்டு உட்காருவாளா, சோத்துக்கு என்ன பண்ணுவா" என்பதோடு அவள் கவலை முடிந்தது.

என் கவலை வேறு. காதுக்குப் பஞ்சு வாங்கிக்கொள். மருந்துக்கடையில் விற்கிற நுரைப் பஞ்சு, விளக்குக்குத் திரி போடுகிற பஞ்சு இல்லை. சும்மா காதில் செருகினால் பிரயோஜனம் கிடையாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பீடி மாதிரி ஒல்லியாக உருட்டு. இடது காதுக்கு வைக்கும்போது வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடி. உள்ளே விட்டபின் அது உப்புகிற வரை விரலை எடுக்காதே. முப்பது எண்ணு. அப்புறம் ஏதாவது பேசிப் பார். உன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி உனக்கே கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கூட வருகிறவர்களுக்கும் ஒரு ஜோடி வாங்கு.

பிரேக் கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு நான் ரேஸ் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். 2009ல் நாராயண் கார்த்திகேயன் அங்கே போனபோது நீ பத்தாவது. ரேஸ் தொடங்குகிற நேரத்தில், வண்டிக்கு டயர் மாற்றுகிற பிட்டின் சுவரிலிருந்து குதித்துத் தோள்பட்டை நழுவி, ஒரு சுற்றுகூட ஓட்டாமல் போயிற்று. அதே வண்டியை அவரோடு மாறி மாறி ஓட்ட வேண்டிய மற்ற இரண்டு பேரே விடிய விடிய ஓட்டி ஏழாவது வந்தார்கள். நீ அழுத அழுகைக்கு அம்மா என்னைத்தான் திட்டினாள். 2012ல் நம்ம ஊர்ப் பையன் கருண் சந்தோக் தன் முறைக்கு ஓட்டி, அந்த வண்டி ஆறாவது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி அதன் பிரிவில் மூன்றாவது வந்ததும் நம்ம தெரு முனையில் பசங்க வெடித்த வெடியில் ஒரு ஆட்டோ கண்ணாடி போயிற்று. முன்னால் ரேஸ் நடந்த சோழவரம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்தப் பசங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமையே போய்விடு. அன்றைக்கு டிரைவர்களைப் பழைய கார்களில் ஏற்றி ஊருக்குள் ஊர்வலம் விடுவார்கள். திருவொற்றியூர் தேருக்கு நிற்கிற மாதிரி கூட்டம் நிற்கும், முன்னால் நின்றால் கையெழுத்துகூடக் கிடைக்கும். பாரிஸிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து டிராம் என்று பார்த்துவைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கொடி. அதை மட்டும் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார், அப்புறம் எழுந்து நட. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். நம்ம வீட்டிலிருந்து எண்ணூர் என்று வைத்துக்கொள். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி நாம் ஒன்றரை மணி நேரம் போகிற தூரத்தை அவர்கள் மூன்றரை நிமிஷத்தில் சுற்றிவிடுகிறார்கள். 2025ல் ஜெயித்த பெராரி 387 சுற்று ஓடியது. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? ஜூனில் அங்கே பத்து மணிக்குத்தான் இருட்டும். இருட்டினதும் ஆர்னாஜ் வளைவுக்குப் போ. வேகத்தைக் கொன்று திரும்புகிற இடம் அது. சக்கரத்துக்குள்ளே பிரேக் டிஸ்க் சிவந்து, விசிறிவிட்ட கரி அடுப்பு மாதிரி தெரியும். அது நீ செய்த டிஸ்க்காக இருந்தாலும் இருக்கும். வெள்ளை விளக்கு போட்டு வருகிறது வேக வண்டி, மஞ்சள் விளக்கு என்றால் ஜிடி, ரோட்டுக் கார் சாயலில் இருக்கிற மெதுவான வண்டி. எல்லா வகை வண்டியும் ஒரே ரோட்டில் ஓடும், வேகமானது மெதுவானதைத் தாண்டிக்கொண்டே இருக்கும். ராத்திரியில் அதுதான் விளையாட்டு.

எனக்கு டிரைவர்களைவிட மெக்கானிக்குகளைத்தான் பார்க்கப் பிடிக்கும். வண்டி பிட்டுக்கு வந்ததும் முதலில் பெட்ரோல், அது முடிந்தபின்தான் டயர். அதுவரை டயரை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நாற்காலியில் தூங்குவார்கள், வண்டி வருகிறது என்றதும் எழுந்து நிற்பார்கள். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போட்டோவோடு நாலு வரி எழுதினால் கை தேயாது.

நீயும் தூங்கு. டிரைவர் ஒருவர் மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பார்க்கிறவளுக்கு என்ன வீம்பு? ஒருவர் முழித்திருக்க இன்னொருவர் தூங்கலாம், இரண்டு பேர் இருக்கிறீர்களே. வேலியில் சாய்ந்து நிற்காதே. 1955ல் ஒரு பென்ஸ் வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எவ்வளவோ மாற்றிவிட்டார்கள் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் சாயாதே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முடிந்ததும் ஜனங்களை டிராக்குக்குள் விடுவார்கள், எல்லாரும் மேடைக்குக் கீழே ஓடுவார்கள். தள்ளுமுள்ளில் போய் மாட்டாதே. பஞ்சை அதுவரை காதிலிருந்து எடுக்காதே.

நாலு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன், "அப்பா நல்லா இருக்காரா" என்று அவளிடமே விசாரிப்பு. பெரியம்மா அப்படித்தான் ஆரம்பித்தாள். பதினோரு வருஷம் போயிற்று.

சரி, உன்னைச் சொல்லி என்ன.

சோழவரம் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், ஒன்றை மட்டும் சொன்னதில்லை. யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. வைக்கோல் கட்டும் டிரம்மும் அடுக்கி ரேஸ் விடுவார்கள். மாசி வெயிலில் தலையில் துண்டோடு நிற்போம், கரிவரதன் வண்டி வருகிறது என்றால் நெருக்கிக்கொண்டு முன்னால் போவோம். ஷெட் முதலாளி ஒரு டால்பின் கார் வைத்திருந்தார், பைபர் உடம்பு. அதற்கு டியூனிங் மேஸ்திரியுடையது, காது என்னுடையது. இன்ஜினை முறுக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியை மேலே வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொள்வேன். எந்த டேப்பட், எவ்வளவு தளர்வு என்று சொல்லிவிடுவேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுங்கடா என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். பஞ்சு வைத்தால் இன்ஜின் பேசுவது கேட்காது என்று பெருமையாக இருந்தோம். 1990ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று. உனக்கு ஏழு வயதில் உன்னை அங்கே கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? உன் காது இரண்டையும் என் உள்ளங்கையால் பொத்தி நின்றேன். எனக்கு எதுவும் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்த இடது காது போய்விட்டது, பாப்பா. இரண்டு வருஷமாகிறது. மிஷின் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். விலையைக் கேட்டு வந்துவிட்டேன் என்று அம்மாவிடம் கதை விட்டேன். விலை ஒரு காரணமே இல்லை. இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் ஷெட்டுக்குப் போகிறேன், "அண்ணே, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று பசங்க பானெட்டைத் திறப்பார்கள். காதில் மிஷினோடு போய் எப்படிக் குனிவது? வலது காதை வைத்து ஒப்பேற்றுகிறேன். பாதிக்குப் பாதி அனுமானம்தான்.

பொங்கல் ராத்திரி நீ கூப்பிட்டபோது மொட்டை மாடியில் இருந்தேன். வலது கையில் டீ டம்ளர். போனை இடது காதில் வைத்துவிட்டேன். நீ மெல்லப் பேசினாய், பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு, மழை நாளில் ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்காத மாதிரி இருந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் காதை மாற்றியிருக்கலாம். மாற்றினால் முதலிலிருந்து சொல்லு என்று கேட்க வேண்டும், கேட்டால் காது விஷயம் வெளியே வரும். அதனால் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் "லோன்" என்றாயோ "ஜான்" என்றாயோ, ஒரு வார்த்தை வந்தது. கடைசியாகக் காதை மாற்றியபோது, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்றது மட்டும் பளிச்சென்று கேட்டது. "உன் இஷ்டம்மா" என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்து வைத்துவிட்டாய்.

அம்மா என்னவென்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்று சொல்லிவிட்டேன். அதனால் அவளுக்கும் தெரியாது. நீயாகச் சொல்லுவாய் என்று நாலு மாதம் பார்த்தேன். அப்புறம்தான் அந்த டிக்கெட் படம் வந்தது.

உன் இஷ்டம் என்றது கோபத்தில் இல்லை. அன்றைக்கு நீ சொன்னதை எனக்கு எழுது. போன் வேண்டாம், எழுது. லோன் என்றால் எவ்வளவு என்று எழுது, எண்ணூர் மனை அப்படியேதான் கிடக்கிறது. ஜான் என்றால் என்ன வேலை, அப்பா அம்மா எங்கே என்று எழுது. மீன் சாப்பிடுவாரா என்றுதான் அம்மா முதலில் கேட்பாள், அதையும் சேர்த்து எழுதிவிடு. இரண்டும் இல்லை, வேறு என்றால் அதை எழுது.

அங்கே ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அம்மா பருப்புப்பொடி கட்டி வைத்திருக்கிறாள், இந்தக் கவரில் வைக்க முடியவில்லை. காது விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், மிஷின் வாங்கிவிட்டு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பஞ்சு இரண்டு ஜோடி.

அப்பா