நாங்கள் பொழுது போக்கவில்லை, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வார மருத்துவப் பக்கத்தில், குடலில் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் கிரோன்ஸ் நோயைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன, ஆனால் கடைசிப் பத்தியில், அந்த வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தவிர்க்கிறவர்களைப் பற்றி ஒரு வரி: "ஸ்டீராய்டுக்குப் பயந்து, சத்து மாவைக் கரைத்துக் கொடுத்துப் பொழுதைப் போக்கும் பெற்றோர்." அதைப் படித்ததும் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வாரம் ஐயா. என் மகனுக்கு அப்போது 12 வயது. ஒரு வாய்ச் சோறு கிடையாது, ஒரு பிஸ்கட் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்த, முழு உணவுக்குப் பதிலான பொடியைக் கரைத்த திரவ உணவு மட்டும்தான், நாளைக்கு 1,800 மில்லி, எட்டு டம்ளராகப் பிரித்து. சில்லென்று இருந்தால் வாடை தெரியாமல் இறங்குகிறது என்று அவனே கண்டுபிடித்தான். கோத்தகிரி டிசம்பரில் ஃபிரிட்ஜ் எதற்கு, கரைத்து ஜன்னல் திட்டில் அரை மணி நேரம் வைத்தால் போதும். குக்கர் விசில் கேட்டால் அவன் முகம் வாடும் என்று, அவன் ஸ்கூலுக்குப் போன பிறகுதான் சமைப்பேன், ராத்திரி அவன் தூங்கின பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். பொங்கலன்று பானையே ஏற்ற வேண்டாம் என்றிருந்தேன். "வைம்மா, பொங்குறத மட்டும் பாக்குறேன்" என்றான். பார்த்துவிட்டு, தன் டம்ளரை எடுக்க ஜன்னல் பக்கம் போனான்.

மூன்றாவது வாரம் வலி நின்றது. எட்டு வாரம் முடிந்தபோது நான்கு கிலோ ஏறியிருந்தான்.

உங்களுக்குத் தெரியாததா? குழந்தைகளுக்குக் கிரோன்ஸ் வந்தால், நோயை அடக்க முதலில் இந்தத் திரவ உணவைத்தான் தர வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2014இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டார்கள், 2020இல் மறுபடியும் அதையே சொன்னார்கள். நூறு பிள்ளைகளில் சுமார் எண்பது பேருக்கு நோய் அடங்குகிறது. ஸ்டீராய்டும் அடக்கும், ஆனால் வளர்கிற பிள்ளையின் உயரத்தைத் தடுக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், குடல் புண்ணை இந்த அளவுக்கு ஆற்றாது. பெரியவர்களுக்குக் கதை வேறு. வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை, அதனால் அவர்களுக்கு ஸ்டீராய்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. கட்டுரை எழுதியவர் பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்.

நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்லை. இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பியபோது அவனால் மறுபடி குடிக்க முடியவில்லை, ஸ்டீராய்டுதான் கொடுத்தோம். ஒரே வாரத்தில் வலி போனது. முகம் உப்பி, ஸ்கூலில் 'பன்னு' என்று கூப்பிட்டார்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பசி என்று எழுப்புவான், சின்ன விஷயத்துக்கெல்லாம் தட்டை வீசுவான். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதால் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அந்த நேரம் பார்த்து உங்கள் இதழில் 'ஸ்டீராய்டு என்னும் விஷம்' என்று இரண்டு பக்கம், கூடவே ஏதோ மூலிகைச் சாறு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார், மாத்திரையை இன்றைக்கே நிறுத்து என்று. அப்போதும் உங்களுக்குக் கடிதம் போட்டேன், வரவே இல்லை. அன்றைக்கு ஸ்டீராய்டு கொடுத்த நான் விஷம் கொடுத்தவள், இன்றைக்கு அதைக் கொடுக்காதவள் பொழுது போக்குகிறவள். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி அம்மாதானா?

நோய் என்னவென்று தெரியவே ஒன்றரை வருஷம் ஆனது. பூச்சி மாத்திரை, கண்ணேறு, 'கடைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பாள்' என்ற பேச்சு எல்லாம் கேட்டாகிவிட்டது. கோயம்புத்தூரில்தான் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி எல்லாம் எடுத்தார்கள், குடல் டி.பி. (காசநோய்) இல்லை என்று உறுதி செய்தார்கள். டி.பி. இருக்கும்போது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவிவிடும், இதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் நெளியும் பிள்ளைக்காக, வழியில் குஞ்சப்பனையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் எத்தனை முறை கெஞ்சியிருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரவ உணவுப் பொடி ஒரு நாளுக்கு ஒரு டின் ஆகும், அதன் விலை தோட்டத்தில் ஒரு நாள் கூலியைவிட அதிகம். இன்ஷூரன்ஸில் கேட்டால், இது மருந்து இல்லை, சாப்பாடு என்று கழித்துவிட்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ சில ரூபாய்தான். பயத்தால் யாரும் டின்னை வாங்குவதில்லை ஐயா. கம்மலை அடகு வைத்து வாங்கினேன்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழின் அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: குழந்தைகளுக்குத் திரவ உணவு முதல் சிகிச்சை, கடைச் சத்து மாவு அதற்கு ஈடாகாது, டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது என்று. 'பொழுதைப் போக்கும்' என்ற சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தால் சந்தோஷப்படுவேன்.

என் பெயரைப் போட வேண்டாம். என் மகன் உங்கள் இதழை வாரம் தவறாமல் படிக்கிறவன். போன வார இதழை மட்டும் இன்னும் அவன் கையில் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி