தூளிக்குப் பக்கத்திலேயே பீடி முறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் இரண்டு வயதுவரை குழந்தையோடு ஓயாமல் பேசவேண்டும், விளையாட்டுக் காட்டவேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் வேலூர் சைதாப்பேட்டையில் அந்த ஆசை இல்லாத தாய் கிடையாது. கை ஒழிந்தால்தானே!

ஒரே அறைதான் வீடு. அதிலேயே அடுப்பு, தூளி, பீடி முறம். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே என் மகள் பீடி சுற்றுவாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பிள்ளை அழுதாலும் எண்ணிக்கை குறையக்கூடாது. போன மாதம் பேரன் தவழ்ந்து வந்து முறத்தில் கைவைத்துவிட்டான். புகையிலைத் தூள் அப்பிய விரல்கள் நேராக வாய்க்குப் போய்விட்டன. அன்று முழுக்க வாந்தி. மகள் இலையைப் போட்டது போட்டபடி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளையும் நான் இந்த முறத்துப் பக்கத்தில் போட்டுத்தான் வளர்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்தே சத்துமாவு தருகிறார்கள், பெரிய உதவி. ஆனால் இரண்டு வயது முடிந்தால்தான் பிள்ளையை அங்கே விடமுடியும். பெண்கள் அதிகம் வேலை செய்யும் பீடிக் கூடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற எங்களுக்கு அது எட்டவில்லை.

எங்கள் வேலூரின் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2017-லிருந்து தமிழ்நாட்டில் அதற்கான சொட்டு மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. நோய்க்கு இவ்வளவு செய்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பகலில் கைக்குழந்தையை விட்டுவைக்க ஓர் இடம் மட்டும் இல்லை.

மத்திய அரசின் பால்னா திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை குழந்தைகளை அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்திலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டு. பீடி சுற்றும் தெருக்களில் அதை முதலில் தொடங்கவேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை இதை எடுத்துச் சொன்னால் புண்ணியமாய்ப் போகும். பேரனுக்கு இப்போது பதினோரு மாதம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சைதாப்பேட்டை, வேலூர்.